வீட்டுச் சுவரும் வண்ண ஆலோசகரும்

வண்ணம் என்னுஞ் சொல் தமிழில் ஒரு பொருள் மாத்திரம் உடையதன்று. நிறம், அழகு, இயல்பு, பாட்டின் ஓசை விகற்பம் எனப் பல பொருளினும் அது வழங்கும். ஆசிரியர் தொல்காப்பியனார் செய்யுளியலின்கண் வகுத்த வண்ணங்கள் இருபது. இக்காலத்துப் பெயின்ட் கடையிற் புகுந்து, வீட்டுச் சுவருக்கு நிறம் வேண்டுமென்பார்முன் விரிக்கப்படும் அட்டைப் புத்தகத்து வண்ணங்களோ ஆயிரத்தின் மேற்பட்டன. இருபது வண்ணங்களைக் கற்று முடிப்பதற்கே எம்போன்ற மாணவர் இடர்ப்படுகின்றனரெனின், ஆயிரத்துள் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பல்லாண்டு அதன் நடுவில் வாழவேண்டிய இல்லத்தார் படும் இடரைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்விடர் தீர்த்தற்கென்றே ஒரு தொழிலினர் தோன்றியுள்ளனர். கலர் கன்சல்டன்ட் என்று கடைத்தெருவில் வழங்கப்படும் அவரை யாம் வண்ண ஆலோசகர் என்று குறிப்போம். அவர் அறிவது யாது, ஓர் இல்லத்தார் பொருள் கொடுத்து அவரை அழைப்பது தகுமா, அழைப்பின் எவ்வாறு அழைத்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பாட்டனார் காலத்தில் இவ்வினா எழுந்ததில்லை. ஆண்டுக்கொருமுறை, பொங்கலையொட்டியேனும், கிறித்தவ இல்லங்களிற் கிறிஸ்துமஸ் பண்டிகையையொட்டியேனும், சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி நார்மட்டையாற் சுவர் முழுதும் பூசுவர். அச்சுண்ணாம்பிற் சிறிது நீலம் சேர்ப்பதும் வழக்கம். வெண்மைக்கு நீலம் எதற்கு என்று வினவுவார் இருக்கலாம். சுண்ணாம்பின்கண் இயல்பாய் ஒரு மஞ்சட் சாயல் உண்டு. நீலம் அதனை அடக்கிவிடவே, முன்னையினும் மிக்க வெண்மையுடையதுபோற் சுவர் தோன்றும். துணி வெளுப்போர் நீலம் இடுதலும் இக்காரணம்பற்றியே. இதனை எந்நூலிலும் கல்லாத வெள்ளையடிப்போர் தம் கண்ணாலேயே கண்டு கைக்கொண்டிருந்தனர். வேறு நிறம் வேண்டின், செங்காவியும் மஞ்சட் காவியும் இருந்தன. சுண்ணாம்பின் காரம் பல சாயங்களைத் தின்றுவிடும். மண்ணிற் பிறந்த காவிகள் அதனைத் தாங்கும். ஆதலின் அந்நாளில் வண்ணந் தெரிந்தெடுத்தது பெரும்பாலும் சுண்ணாம்பே என்னலாம். இல்லத்தாருக்கு அவ்வருத்தம் இல்லை.

இக்காலத்து நிலை வேறு. கடையில் வெண்ணிற மூலப் பெயின்ட் டப்பாவின் வாயைத் திறந்து, கம்ப்யூட்டரால் இயங்கும் ஒரு பொறியின்கீழ் வைக்கின்றனர். குறித்த எண்ணைத் தட்டியவுடன் பொறி பல சாயங்களைத் துளியளவிற் கணக்கிட்டுச் சொரிகின்றது. பின்னர் டப்பாவைக் குலுக்கித் தருகின்றனர். எந்நிறமும் எளிதிற் கிடைக்கும் இந்நிலையிற்றான் தெரிவு அரிதாயிற்று.

மேனாடுகளில் இத்தொழிலுக்கு வேர்விட்ட வரலாற்றைச் சிறிது காண்போம். பாரிசு நகரத்திற் கோபெலின் என்னும் அரசாங்கத் திரைச்சீலை நெசவுச்சாலை உண்டு. 1824-ஆம் ஆண்டில் அதன் சாயப் பகுதிக்குத் தலைவராய் அமர்ந்தவர் மிஷேல் யூஜீன் செவ்ரோல் என்னும் இரசாயன அறிஞர். சாலையில் தோய்க்கப்படும் கறுப்பு நூல் வலுவின்றி மங்குகின்றது என்னும் குறை அவரிடம் வந்தது. நீலத்திலும் ஊதாவிலும் நெய்த ஆடைகளின் மடிப்பு நிழலைக் காட்டுதற்கு அக்கறுப்பைப் பயன்படுத்தியிருந்தனர். அவர் அந்நூலை வேறிடங்களில் தோய்த்த கறுப்பு நூலோடு அருகருகே வைத்து ஒப்புநோக்கினார்; சாயத்தில் யாதொரு குறையும் இல்லை. பக்கத்தில் நின்ற நீலமும் ஊதாவுமே கறுப்பைக் கெடுத்துக் காட்டின. ஒரு நிறம் தன் அயலில் நிற்கும் நிறத்தால் வேறுபட்டுத் தோன்றும் என்னும் இவ்வுண்மையைப் பலவாறு சோதித்து 1839-இல் அவர் ஒரு பெருநூலாக வெளியிட்டார். வண்ண ஆலோசகர் கைக்கொள்ளும் முதற்பாடம் இன்றளவும் இதுவே.

இவ்வுண்மையைச் சுவர்க்கு ஏற்றிப் பயன்கொண்டோர் பலர். 1914-இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன் என்பார், அறுவைக்கூடத்து வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசச் செய்தலைக் கண்டு, குருதியின் செந்நிறத்துக்கு எதிர்நிறமாகிய பசுமையை அங்கே இடுவித்தார். செந்நிறத்தையே உற்றுநோக்கிய கண் வெள்ளைச் சுவரில் திரும்புங்கால் அங்கே பச்சை நிழல் மிதப்பதுபோல் மயங்கும். சுவரே பச்சையாயின் அம்மயக்கம் தோன்றாது. அமெரிக்க நாட்டில் 1930-களில் வண்ண ஆலோசனையையே தனித்தொழிலாக நடத்திய பேபர் பிர்ரென் என்பார் சிக்காகோ நகரத்து இறைச்சி வாணிகர் ஒருவர்க்கு உதவிய கதை பெயர்பெற்றது. வாணிகர் தூய்மையைக் காட்டவெண்ணி வெள்ளைச் சுவர் வைத்திருந்தார்; அதன் நடுவில் இறைச்சி சாம்பல் பூத்தாற்போற் காணப்பட்டது. பிர்ரென் நீலங்கலந்த பச்சையைச் சுவருக்கு இடச் செய்ய, இறைச்சி புத்தம்புதிய செம்மையோடு விளங்கிற்று. இறைச்சியில் ஒன்றும் மாறவில்லை என்பதனை நேயர் கருதுக.

இவர்களினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தவர் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் என்பவர். பெர்லின் நகரின் புறத்தே பால்கன்பெர்க் என்னுமிடத்தில் 1913 முதல் 1916 வரை எளிய குடும்பங்களுக்கென அவர் சிறு வீடுகள் கட்டுவித்தார். செதுக்குவேலைக்கும் அணிவேலைக்கும் ஆங்குப் பொருள் இல்லை. ஆதலின் வீடுகளுக்குச் செம்மையும் நீலமும் மஞ்சளுமாக நிறம் தீட்டுவித்தார். அயலவர் அக்குடியிருப்பை வர்ணப்பெட்டி என்று எள்ளினர். அது 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. நல்ல நிறம் இடுதற்கும் தீய நிறம் இடுதற்கும் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் வண்ணம் ஏழையர்க்கும் எட்டும் அணிகலன் ஆகும் என்பது அவர் செயலால் விளங்குகின்றது. வண்ண ஆலோசனை செல்வர்க்கே உரிய பகட்டு என்று நினைப்பவர் இதனை உன்னுதல் நலம். செல்வர் பிடிக்காத நிறத்தை அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்வர். ஆண்டுகள் பல சேர்த்த பொருளால் ஒருமுறை வண்ணம் தீட்டுவோரே பிழை நேரின் அதனோடு வாழவேண்டியவர்.

நிற்க, அட்டையிற் கண்ட நிறம் சுவரில் ஏன் அவ்வாறே வருவதில்லை? இவ்வினாவின் விடையிலேதான் ஆலோசகரின் அறிவெல்லாம் அடங்கியுள்ளது.

நிறம் டப்பாவினுள் இருக்கின்றது என்று நாம் நம்புகின்றோம். டப்பாவினுள் இருப்பது ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி, ஒரு பகுதியைத் திருப்பியனுப்பும் பொடியே. எந்த ஒளி வந்து விழுகின்றதோ அதற்கேற்பவே திரும்புவதும் இருக்கும். ஞாயிற்றின் உச்சிவேளை ஒளி ஒன்று, மாலை ஒளி மற்றொன்று, விளக்கொளி வேறொன்று. அட்டையிலுள்ள நிறத்துண்டு தீப்பெட்டியளவே இருக்கும்; சுவரோ பத்தடி உயரம் எழும். பரப்பு மிகுந்தவிடத்து நிறம் வெளிர்ந்தும், அதேவேளை வன்மை மிகுந்தும் தோன்றுதல் இயல்பு. இன்னொன்றும் உண்டு. அறையின் நான்கு சுவரும் ஒரே மஞ்சளாயின், ஒரு சுவரிற் பட்டுத் திரும்பும் மஞ்சளொளி எதிர்ச்சுவரிற் படும். அங்கிருந்து மீண்டும் திரும்பும். திரும்புந்தோறும் மஞ்சள் செறியும். அட்டையில் மென்மையாய்க் காட்சியளித்த எலுமிச்சை நிறம் அறைக்குள் வந்தபின் கண்ணைக் குத்துதற்குக் காரணம் இதுவே. ஆதலின் மனத்திற்குப் பிடித்த நிறத்தினும் ஒரு படி மங்கலான நிறத்தையே தேர்ந்த ஆலோசகர் பெரும்பாலும் கூறுவர். இல்லத்தார் முதலில் அதனை உயிரற்ற நிறம் என்று மறுப்பதும், பூசி முடிந்தபின் உடன்படுவதும் இத்தொழிலில் நாள்தோறும் நிகழ்வன.

பூசும்போது கண்ட நிறத்தை நம்புதலும் ஆகாது. சுண்ணாம்பு ஈரத்தில் ஒளி ஊடுருவுமாறு இருந்து உலர்ந்தபின் வெளுக்கும். எமல்ஷன் பெயின்டோ ஈரத்தில் பால்போல் வெளிறியிருந்து உலர்ந்தபின் சற்றே கறுக்கும். சுண்ணாம்பிற் கைபழகிய முதியவர் எமல்ஷனைக் கண்டு முதல் நாள் தவறாக மதிப்பிடுதற்கு இம்முரணே காரணம். இரண்டு பூச்சும் முற்ற உலர்ந்து ஒருநாள் கழிந்த பின்னரே நிறத்தைப்பற்றிப் பேசுதல் முறை.

இனி, ஞாயிற்றின் செலவைக் கருதுவோம். மேனாட்டார் எழுதிய வீட்டலங்கார நூல்கள் பல நம் நகரங்களிலும் படிக்கப்படுகின்றன. வடக்கு நோக்கிய அறையின் ஒளி குளிர்ந்து நீலம் பாய்ந்தது. ஆங்கு மஞ்சளும் செம்மையும் சார்ந்த நிறம் இடுக. தெற்கு நோக்கிய அறையில் வெயில் நிறையும். ஆங்குக் குளிர்ந்த நிறம் இடுக என்று அவை விதிக்கும். இலண்டனில் இது முழுதும் மெய். அங்கே நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுதும் தென்றிசையிலேயே நிற்கும். டிசம்பர்த் திங்களில் தொடுவானினின்று 15 பாகையளவே எழும். நம் சென்னையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஏப்ரல் இறுதி தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகலில் ஞாயிறு உச்சிக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். கன்னியாகுமரியில் இக்காலம் இன்னும் நீண்டது. ஆதலின் வெயில் மிக்க திங்களில் நம் வடக்குச் சுவரே வெயில் காய்கின்றது. தெற்குச் சுவர் நிழல் பெறுகின்றது. மார்கழியில் இந்நிலை தலைகீழாகும். நம் நாட்டில் நிறத்தை மிகுதியும் மாற்றுவன கிழக்கும் மேற்குமே. மேற்குச் சாளரமுள்ள கூடத்தில் பகலெல்லாம் பாலாடைபோல் இருக்கும் நிறம் மாலை ஐந்து மணிக்கு ஆரஞ்சுப் பழமாய் மாறிவிடும். வடமேற்கு நாட்டு நூலை அப்படியே எடுத்தோதும் ஆலோசகர் நம் வீட்டுக்கு உதவார். வாயிலில் நின்று, வெயில் எப்பக்கம் எந்நேரம் நுழையும் என்று முதலில் வினவுகின்றவரே தொழிலறிந்தவர்.

வானொளி மாத்திரமன்று, அயலொளியும் கருதற்பாலது. சாளரத்தின் எதிரே வேம்பு தழைத்திருப்பின் அறைக்குட் புகும் ஒளி பச்சை கலந்து வரும். செம்மண் முற்றமாயின் தாழ்வாரத்துக் கூரையின் அடிப்பக்கம் செம்மை பெறும். நகரங்களில் இரு வீடுகளுக்கு இடையே மூன்றடியே வெளி. பக்கத்து வீட்டார் கிச்சிலி நிறம் தீட்டின், நம் வெள்ளை அறையும் கிச்சிலி வெளிச்சத்திற் குளிக்கும். எமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் மிக்க ஆய்வின்பின் தெரிந்தெடுத்த சாம்பல் நிறம், அயல்வீட்டார் சுவர்க்குப் புதுநிறம் இட்ட அன்றே ஊதாவாயிற்று. இதற்கு எவ்வாலோசகரும் பொறுப்பாகார்!

இரவில் விளக்கு. பழைய இழை விளக்கின் ஒளி 2700 கெல்வின் அளவினதாய் மஞ்சள் தோய்ந்தது, இக்கால எல்.இ.டி. விளக்குகளுள் 6500 கெல்வின் என்று குறிக்கப்பட்டவை நீலஞ்சார்ந்த வெண்மை உடையன. இரண்டும் கடையில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பலர் எண்ணைப் பாராமலே வாங்குகின்றனர். ஒரு விளக்கின்கீழ் ஒன்றாய்த் தோன்றும் இரு பெயின்டுகள் மற்றொரு விளக்கின்கீழ் இருவேறாய்ப் பிரிவதும் உண்டு. சுவருக்கு ஒரு கம்பெனியின் எமல்ஷனும் கதவுக்கு வேறொரு கம்பெனியின் எனாமலும் வாங்கி, கடையில் ஒத்திருந்தன என்று மகிழ்ந்து, வீட்டில் விளக்கேற்றியபின் வருந்துவோர் இதனை அறியாதவர். இரு கம்பெனியாரும் வெவ்வேறு சாயக் கலவையால் அந்நிறத்தை அடைகின்றனர். ஒளி மாறவே ஒற்றுமை குலைகின்றது. கைப்பேசித் திரையில் நம் வீட்டுப் படத்துக்கு நிறம் ஏற்றிக் காட்டும் வசதியும் இன்று உண்டு. எது வேண்டாம் என்று தள்ளுதற்கு அது உதவும். எது வேண்டும் என்று கொள்ளுதற்கு உதவாது. திரை தானே ஒளி விடுவது. சுவர் பிறிதின் ஒளியைத் திருப்புவது.

நிறங்களின் பெயரைப்பற்றியும் தமிழ் மாணவராகிய யாம் ஒருசொற் கூறாது செல்லுதல் இயலாது. குரு என்பதும் கெழு என்பதும் நிறத்தைக் குறிக்கும் உரிச்சொற்கள் எனத் தொல்காப்பியம் கூறும். பசுமை என்னும் சொல்லைப் பாருங்கள். பசும்புல் என்னுமிடத்து இலையின் நிறம். பசும்பொன் என்னுமிடத்துப் பொன்னின் ஒளி. தலைவியின் மேனியிற் படரும் பசலை என்னுமிடத்து வெளிறிய மஞ்சள். ஒரு சொல் இத்துணைப் பரப்பையும் தழுவுகின்றது. புலவர்க்கு இது வளம். பெயின்ட் வாங்குவார்க்கு இடர். கணவர் சந்தன நிறம் என்பார், மனைவியாரும் சந்தனம் என்பார். ஒருவர் கருதியது கட்டைச் சந்தனம், மற்றவர் கருதியது அரைத்த சந்தனம் என்பது சுவர் பாதி முடிந்தபின் வெளிப்படும். காஞ்சிபுரத்துப் பட்டு வணிகர் வழங்கும் அரக்கு, மயிற்கழுத்து, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் என்னும் பெயர்கள் இவ்வகையில் மிகத் திருத்தமானவை. பொருளைக் கண்டவர் நிறத்தையும் கண்டவரே. பெயின்ட் கம்பெனியார் இடும் பெயர்களோ பனி, கனவு, அமைதி என்றாற்போல்வன. கனவின் நிறம் யாதென்று கடைக்காரரே எண்ணைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஆலோசகர் பெயரை விட்டு மூன்று அளவுகளாற் பேசுவர். அமெரிக்க ஓவியரும் ஆசிரியருமாகிய ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை இது. செம்மையோ மஞ்சளோ நீலமோ என்னும் வகை ஒன்று. வெளிறியதோ கருகியதோ என்னும் நிலை ஒன்று. செறிந்ததோ மங்கியதோ என்னும் வன்மை ஒன்று. மேற்கூறிய சந்தனப் பூசலில் இருவரும் வகையில் ஒத்தனர், வன்மையில் வேறுபட்டனர். இதனைப் பகுத்துக் காட்டின் பூசல் பாதி தீரும். இன்னும், ஆடவருள் நூற்றுக்குச் சிலர்க்குச் செம்மையும் பசுமையும் வேறுபடாது மயங்கும் பிறவிக் குறை உண்டு. பெண்டிர்க்கு அது மிக அரிது. இல்லத் தலைவர் நிறத்திற் பிடிவாதம் பிடிக்குமிடத்து இதனையும் மெல்ல ஆராய்தல் தகும்.

நல்ல ஆலோசகர் வீட்டுக்கு வந்தால் முதலில் அட்டையை விரியார். மாற்ற இயலாத பொருள்களைப் பார்ப்பார்: தரை சிவப்புச் சிமெண்டா, கடப்பைக் கல்லா, பளபளக்கும் ஓடா, கதவு தேக்கின் நிறமா, எனாமல் பூசியதா, பெரிய பீரோவும் திரையும் எந்நிறத்தன. தரைக்கு ஒவ்வாத சுவர் எவ்வளவு அழகியதாயினும் நில்லாது. தரையைப் பெயர்த்தல் எளிதன்று. அடுத்து, யார் எவ்வறையில் எந்நேரம் இருப்பர் என்று வினவுவார். முதியோர் உளராயின் அதற்கு ஒரு தனிக் கருத்து வேண்டும். முதுமையிற் கண்ணின் வில்லை மஞ்சள் படரும். நீலச் சாயல்கள் ஒன்றோடொன்று மயங்கும். வெளிறிய சுவரும் வெளிறிய கதவு நிலையும் வெளிறிய படியும் ஒன்றாய்க் கலந்து கால் இடறும். படியின் விளிம்பும் குளியலறை வாயிலும் சுவரினின்று நன்கு வேறுபட நிறம் இடுதல் அழகுக்கன்று, எலும்பைக் காத்தற்கு. எம் கருத்தில் இவ்வொரு யோசனைக்காகவே ஆலோசகர் ஊதியம் பெறத் தக்கவர்.

பின்னர்ச் சோதனைப் பூச்சு. பழைய நிறத்தின் நடுவே புதுநிறத்தைத் தீற்றிப் பார்த்தல் பெருந்தவறு. செவ்ரோல் கண்ட அதே மயக்கம் அங்கே நிகழும். இரண்டடிச் சதுரமான பலகையிலோ தடித்த அட்டையிலோ, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு, இரண்டு பூச்சுப் பூசி, அதனை ஒவ்வொரு சுவரிலும் சார்த்தி வைத்துக் காலையும் நண்பகலும் மாலையும் விளக்கேற்றிய பின்னும் பார்த்தல் வேண்டும். இரண்டு நாள் இதற்குச் செலவாகும். இப்பொறுமை இல்லாதார் ஆலோசகரை அழைப்பதும் அழையாததும் ஒன்றே.

வெளிச்சுவருக்கு வேறொரு கணக்கு உண்டு. முழுக் கறுப்புக்குச் சுழியும் முழு வெண்மைக்கு நூறும் வைத்து, ஒவ்வொரு நிறமும் திருப்பியனுப்பும் ஒளியின் அளவை எண்ணாற் குறிப்பர். பல அட்டைகளில் அவ்வெண் அச்சிடப்பட்டுள்ளது. எண் குறையக் குறையச் சுவர் வெப்பத்தை மிகுதியாய் விழுங்கும். மேற்குச் சுவருக்குக் கருஞ்சிவப்பு இட்டவர் அதன் பயனை மே மாதத்து இரவில் உள்ளே படுத்து உணர்வர். பளிச்சென்ற செம்மை, ஊதா ஆகியவற்றுட் பல வெயிலில் நிறம் வெளுப்பன. இரும்புத் துருவிற் பிறந்த காவியும் மண்மஞ்சளும் நெடுநாள் நிலைப்பன. பாட்டனார் காலத்துச் சுண்ணாம்பு செய்த தெரிவு இங்கே மீண்டும் தலைகாட்டுதல் காண்க.

ஆலோசகரால் ஆகாதனவும் உள. சுவரில் ஓதம் ஏறியிருப்பின் எந்நிறமும் ஆறு திங்களில் உரியும். நீர் எங்கிருந்து வருகின்றதென்று கண்டு அடைத்தபின்னரே வண்ணத்தைப்பற்றிய பேச்சு. புதுச்சுவர் உலர்ந்து அதன் காரம் தணியுமுன் பூசுதலும் வீண். பழைய எனாமலைச் சுரண்டும்போது எழும் தூள் ஈயம் கலந்ததாயிருக்கலாம். குழந்தைகளை அப்புறப்படுத்தி, நனைத்துச் சுரண்டுதல் வேண்டும். இந்திய அரசாங்கம் 2016-இல் விதி இயற்றி, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்துலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்று வரையறுத்தது. அதற்கு முன்னைப் பூச்சுகளுக்கே இவ்வச்சம் மிகுதி.

இந்நிறம் சினம் தணிக்கும், இந்நிறம் பசி தூண்டும், இந்நிறம் படிப்பு வளர்க்கும் என்று உறுதி கூறுவோரிடத்து எச்சரிக்கையாய் இருத்தல் நன்று. 1979-இல் அமெரிக்கக் கடற்படைச் சிறையொன்றில் சுவருக்கு ஒருவகை இளஞ்சிவப்பு இட, கைதிகள் அமைதியுற்றனர் என்று பெரும்பேச்சு எழுந்தது. பின்னர் முறையாகச் செய்த சோதனைகள் அதனை உறுதிசெய்யவில்லை. திசைக்கும் இராசிக்கும் நிறம் வகுப்போரும் உளர். அவர் தொழில் வேறு, இவர் தொழில் வேறு.

ஊதியம் பற்றிச் சில கூறுவோம். பெயின்ட் கம்பெனியார் சிலர் கட்டணமின்றியோ சிறு கட்டணத்துக்கோ தம் ஆலோசகரை வீட்டுக்கு அனுப்புகின்றனர். அவருள்ளும் திறமையுடையார் உளர். எனினும் அவர் விரிப்பது தம் கம்பெனி அட்டையையே. ஒரு சுவர் போதுமிடத்து நான்கு சுவர்க்கும் விலையுயர்ந்த வகையைச் சொல்லுதற்கும் இடமுண்டு. தனித்து நின்று தொழில் செய்வோர் மணிக்கணக்காகவோ, அறைக்கணக்காகவோ, முழுவீட்டுக்குமாகவோ ஊதியம் கேட்பர். அது மிகுதியோ குறைவோ என்று காண்பதற்கு ஒரு வழி உண்டு. பெயின்ட் விலையோடு ஆட்கூலியையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். நிறம் பிழைத்து ஓர் அறையை மறுபடி பூசின் பொருளும் கூலியும் இரண்டாம் முறை போகும். அவ்விழப்பினும் ஊதியம் குறைவாயின் கொடுக்கலாம். வாடகை வீட்டார்க்கும், வெள்ளையே போதுமென்பார்க்கும் ஆலோசகர் வேண்டுவதில்லை. நாற்பதாண்டு பல நூறு வீடு பூசிய மேஸ்திரி ஒருவர் நம் தெருவில் இருப்பாராயின், அவரைச் சோதனைப் பலகையோடு இரண்டு நாள் வைத்துக்கொண்டு ஒருநாட் கூலி மிகக் கொடுத்தல் பல சிறு வீடுகளுக்குப் போதும் என்பதே எம் துணிபு. வருத்தம் என்னவெனின், மேஸ்திரியை நிறம் கேட்பாரே இல்லை. ஏணி பிடிக்கவும் பட்டி இழுக்கவும் மாத்திரம் அழைக்கின்றோம். அவர் பிள்ளைகள் அக்கண்ணைக் கற்குமுன் வேறு தொழிலுக்குப் போய்விடுகின்றனர். ஆலோசகரையே அமர்த்தினும், அவரும் மேஸ்திரியும் ஒருமுறையேனும் சுவர்முன் கூடி நின்று பேசுமாறு செய்தல் வேண்டும். மினுக்குப் பெயின்ட் மேடுபள்ளத்தை எடுத்துக்காட்டும் என்பதனையும், இச்சுவர் அதற்குத் தகுதியற்றது என்பதனையும் கைவைத்தவுடன் சொல்லவல்லவர் மேஸ்திரியே.

முடிவில் ஆலோசகரிடமிருந்து எழுத்தில் ஒரு தாள் பெற்றுக்கொள்க. எவ்வறை, எச்சுவர், எக்கம்பெனி, எவ்வகை, அட்டையின் எண் யாது, மினுக்கு உண்டோ இல்லையோ, எத்தனை பூச்சு என்பவை அதில் இருத்தல் வேண்டும். ஒரே எண்ணாயினும் வெவ்வேறு நாளிற் கலந்த டப்பாக்கள் சிறிது வேறுபடும். ஆதலின் ஓர் அறைக்கு வேண்டியவற்றையெல்லாம் பெரிய பாத்திரத்தில் ஒன்றாக்கிப் பூசுமாறு மேஸ்திரியிடம் முன்னரே சொல்லிவிடுதல் நலம். எஞ்சியதில் ஒரு சிறு டப்பாவை இறுக மூடி, அதன்மேல் அறையின் பெயரையும் நாளையும் எழுதி, தாளோடு சேர்த்து வைத்தால், நாட்காட்டிக்கு அடித்த ஆணியைப் பிடுங்கிய துளையை மறு ஆண்டில் அடைக்கும்போது அது பயன்படும்.